நிரை

'நிரை' என்றால் வரிசை. ஒழுங்காக அடுக்கு என்னும் வினையும் அதுவே. பசுக்கூட்டம் ஆநிரை. யாப்பில் நிரையசை உண்டு. கணக்குப் பாடத்தில் அணியின் கிடைவரிசையும் இதே சொல்தான்.

இச்சொல் கடல்கடந்தும் சென்றது. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் தோட்டங்கள் பெருகின. பால்மரம் வெட்ட வந்த தமிழர் வாயில், மரவரிசையைக் குறித்த இச்சொல் 'நெரை' ஆனது. எந்த நெரை என்று தெரிந்தால் போதும், ஆள் நிற்குமிடம் தெரிந்துவிடும்!

அடுத்த தலைமுறைக் கைப்பேசித் தொழில்நுட்பமான 6ஜி பற்றிய ஆய்விலும் நிரைக்கு இதே வேலைதான்: இருக்குமிடத்தைக் காட்டுவது. சிறு உலோகத் தகடுகளை நிரைநிரையாகப் பதித்த பலகை, தன்மேல் படும் வானலையை வேண்டிய திசைக்குத் திருப்பும். பேராக்கின் ஈப்போ நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் போன்ற தடை கைப்பேசிக் கோபுரத்தை மறைத்தாலும், பலகை வழி வரும் அலையின் நேரத்தையும் கோணத்தையும் வைத்துக் கைப்பேசியின் இடத்தைக் கணிக்கலாம். அதற்குப் பலகை இருக்கும் இடம் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.