மூன்று பலூன்கள்: நண்பர்கள் மோதிக்கொள்ளப் பிறந்த ஒரு விளையாட்டின் வரலாறு

மாரியோ என்றதும் தாவிக் குதித்துக் காளான் பிடிக்கும் மீசைக்காரர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். அதே மாரியோ ஒரு குட்டி வண்டியில் ஏறி, நண்பன் மேல் ஆமை ஓட்டை வீசும் விளையாட்டும் உண்டு. பெயர் மாரியோ கார்ட். பலரும் இதைப் பந்தய விளையாட்டு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதற்குள் 'பேட்டில் மோட்' என்றொரு சண்டைப் பகுதி இருக்கிறது. அது எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்று பார்ப்போம்.

1990-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் புதிய கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கு எஃப்-ஜீரோ என்ற பந்தய விளையாட்டை வெளியிட்டது. படுவேகம், நீண்ட நேரான பாதைகள். குறை ஒன்றுதான்: ஒருவர் மட்டுமே ஆட முடியும். பக்கத்தில் இருப்பவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்!

இதே மாதிரி ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று ஷிகெரு மியாமோட்டோவின் குழு முயன்றது. தடாஷி சுகியாமாவும் ஹிடேகி கொன்னோவும் இயக்குநர்கள். திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது இரண்டு பேருடைய பார்வையையும் ஒரே நேரத்தில் வரைய வேண்டும். எஃப்-ஜீரோவின் நீண்ட பாதைகளை அப்படிக் காட்ட அந்தக் கருவிக்குச் சக்தி போதவில்லை. அதனால் பாதையைச் சுருக்கி, வளைவுகளைக் கூட்டினார்கள். அந்தப் பாதைக்குப் பொருந்திய வண்டி கோ-கார்ட். கேசட்டுக்குள்ளேயே கணக்குப் போட ஒரு கூடுதல் சிப்பையும் வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் வண்டியை ஓட்டியது மாரியோ அல்ல, யாரோ ஒரு சாதாரண ஆள். சில மாதங்கள் கழித்துத்தான் மாரியோவை உட்கார வைத்துப் பார்த்தார்கள், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆக, நண்பனுக்கு இடம் கொடுத்த பிறகுதான் மாரியோவுக்கே இடம் கிடைத்தது :)

1992 ஆகஸ்டில் சூப்பர் மாரியோ கார்ட் வெளிவந்தது. சண்டைப் பகுதியின் விதி மிக எளிது. சுற்றிலும் சுவர் உள்ள ஒரு மைதானம். ஒவ்வொரு வண்டியிலும் மூன்று பலூன்கள். அடி வாங்கினால் ஒன்று போகும், மூன்றும் போனால் தோல்வி. பச்சை ஓடு நேராகப் போகும், சிவப்பு ஓடு துரத்திப் போகும், வாழைப்பழத் தோல் வழுக்கிவிடும். இதில் கணினி எதிராளியாக வராது. இரண்டாவது ஆள் இல்லையென்றால் ஆட்டமே இல்லை! அந்த ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதும் பாதித் திரையில் தெரியும். எட்டிப் பார்ப்பது திருட்டாட்டமா, சாமர்த்தியமா என்ற சண்டை தனி.

1996-ல் நின்டெண்டோ 64 கருவிக்கு அடுத்த பாகம் வந்தது. அந்தக் கருவியில் நான்கு கன்ட்ரோலர்களைச் செருகலாம், எனவே திரையும் நான்கானது. பலூன் எல்லாம் போன நண்பன் சும்மா உட்கார வேண்டாம் என்று ஓர் ஏற்பாடும் செய்தார்கள்: அவன் வண்டியே வெடிகுண்டாக மாறும், ஒருமுறை யாரையாவது மோதிப் பழி தீர்த்துக்கொள்ளலாம்.

2005-ல் வந்த மாரியோ கார்ட் டிஎஸ் பாகத்தில் கையடக்கக் கருவியின் மைக்கில் ஊதினால் பலூன் பெரிதாகும். அதே பாகத்தில்தான் இணையம் வழியாகப் பந்தயம் ஓட்டும் வசதியும் இந்தத் தொடருக்குள் முதன்முதலாக வந்தது. எதிராளி இனி பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டியதில்லை.

இது நல்லதுதானே என்று கேட்பீர்கள். வேறு ஊருக்குப் போன நண்பனோடு ஆடலாம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் 2014-ல் என்ன நடந்தது பாருங்கள். மே மாதம் வந்த மாரியோ கார்ட் 8-ல் சண்டைக்கென்று தனி மைதானங்களே இல்லை, பந்தயப் பாதையிலேயே சண்டையும் நடந்தது. ரசிகர்கள் குறைபட்டார்கள். 2017-ல் வந்த டீலக்ஸ் பதிப்பில்தான் தனி மைதானங்கள் திரும்பி வந்தன. அதே 2014 மே மாதத்தில்தான் டிஎஸ் கருவிக்கான இணையச் சேவையை நின்டெண்டோ நிறுத்தியது. அதிகாரபூர்வ இணைய ஆட்டம் அத்தோடு முடிந்தது.

1992-ன் கேசட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. கருவி ஓடும் நிலையில் இருந்தால், இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தால், இன்றும் பலூன் உடைக்கலாம். அதற்குத் தேவையான சர்வர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன்தான். அவனை முதலில் பிடித்து வையுங்கள்!