தக்கையடைப்பு

புற்றுநோயாளிக்குத் திடீரென மூச்சுத் திணறினால், ‘நுரையீரலில் ரத்தம் உறைந்துவிட்டது’ என்கிறோம். அது விளைவைச் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. இதன் மருத்துவப் பெயரான ‘எம்போலிசம்’ பிறந்த ‘எம்போலஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆப்பு, அடைப்பான் என்று பொருள். நுரையீரல் தமனியை அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் கால் சிரைகளில் உருவாகி மிதந்து வருகிறது என்று 1840களில் காட்டிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ, இருக்குமிடத்தில் உறைவதற்கு ‘த்ராம்போசிஸ்’, பெயர்ந்து போய் அடைப்பதற்கு ‘எம்போலிசம்’ என இரு பெயர்களை வைத்தார். தமிழ்க் கலைச்சொல்லான ‘தக்கையடைப்பு’ மூலத்தைவிடப் பொருத்தமானது என்பேன். தூண்டிலில் மிதப்பதும் தக்கை, புட்டியை மூடுவதும் தக்கை.

உறைவு நுரையீரலிலேயே தோன்றுவதும் உண்டே என்று மறுக்கலாம். உண்டுதான், புற்றணுக்கள் உறைதலைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன, எனவே எந்த நாளமும் விலக்கல்ல. ஆயினும் பொதுவான பாதை காலிலிருந்துதான். கீமோதெரபியும் படுத்தே கிடப்பதும் அங்கே உறைவதற்குத் துணை. ‘உறைவு’ என்று மட்டும் கேட்டவர் நெஞ்சை மட்டுமே கவனிப்பார்; ‘தக்கை’ என்று கேட்டவர் அது எங்கிருந்து வந்தது என்பார், ஒற்றைக் கால் வீக்கத்தை அலட்சியப்படுத்த மாட்டார்.