காலி வீதியில் ஓய்வுபெறாத பிரெஞ்சுச் சிங்கங்கள்

இரத்மலானையில் காலி வீதியை விட்டு விலகிச் செல்லும் ஓர் ஒழுங்கையின் முடிவில், பலாமர நிழலில் ஒரு பழைய கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. சென்ற மாதம் என் நண்பரோடு அங்கே போயிருந்தேன். வெள்ளவத்தையில் வாழும் அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருடைய காருக்கு வயது நாற்பதுக்கு மேல். அதே ஊரில் பிறந்து, அதே வயதை எட்டிய வேறு மூன்று கார்களும் அங்கே நின்றன. நான்கின் முகத்திலும் ஒரு சிங்கம். நான்கும் பேஜோ.

"இந்தக் கிழட்டுப் பிரெஞ்சுக்காரியை விற்றுவிட்டு ஒரு ஜப்பான் கார் வாங்கினால் என்ன?" என்று அவரைக் கேட்காதவர்கள் இல்லை. நானும் கேட்டவன்தான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியதன் விளைவு.

முதலில் ஒரு சொல் விளக்கம். சலூன் என்றதும் நம்மவர்க்கு முடிதிருத்தும் நிலையந்தான் நினைவுக்கு வரும். மோட்டார் உலகில் அது நான்கு கதவும் நிலையான கூரையும் கொண்ட குடும்பக் காரைக் குறிக்கும். குடும்பக் காரின் உடலுக்குள் பந்தயக் காரின் குணத்தை ஒளித்து வைத்தால் அது 'ஸ்போர்ட்ஸ் சலூன்'. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடலாம், மாலையில் மலைப்பாதையில் விரட்டிப் பார்க்கலாம். இந்த இரட்டைக் குணத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் குறைந்த விலையில் சாதித்தார்கள். அவர்களுள் பேஜோவுக்குத் தனியிடம் உண்டு.

பேஜோ குடும்பம் 1810 இல் உருக்குத் தொழிலில் இறங்கியது. வாள் அலகுகள் செய்தார்கள். 1840 இல் கோப்பி அரைக்கும் பொறியும், 1874 இல் மிளகு அரைக்கும் பொறியும் செய்தார்கள். வாளின் பல் சிங்கத்தின் பல்லைப்போல உறுதியானது என்று காட்டவே சிங்கச் சின்னம் வந்தது. அது 1858 இல் பதிவு செய்யப்பட்டது. கோப்பியும் மிளகும் விளைந்த நம் தீவுக்கு அந்தச் சிங்கம் பின்னாளில் சக்கரங்களின் மீது வந்து சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948 இல் வெளியான 203, 1955 இல் வெளியான 403, 1960 இல் வெளியான 404, 1968 இல் வெளியான 504 ஆகிய நான்கும்தான் இந்தக் கதையின் நாயகர்கள். இலக்கங்களின் நடுவே எப்போதும் ஒரு பூச்சியம் இருக்கும். அந்தப் பூச்சியத்துக்குப் பேஜோ உரிமை கொண்டாடியதால்தான், 1964 இல் ஜெர்மனியின் போர்ஷ் நிறுவனம் தன் 901 என்ற காரை 911 என்று மாற்றிக்கொண்டது. 403 முதல் இவற்றின் உருவத்தை வடிவமைப்பதில் இத்தாலியின் பினின்பரீனா நிறுவனம் பங்குகொண்டது. கண்ணைப் பறிக்காத, ஆனால் காலத்தால் பழசாகாத தோற்றம் அவற்றுக்கு அங்கிருந்து வந்தது.

தோற்றத்தைவிடப் பெரிய இரகசியம் அடியில் இருந்தது. அதிர்வைத் தாங்கும் குழாய்களைப் பேஜோ வெளியாரிடம் வாங்காமல் தானே வடிவமைத்துத் தானே செய்தது. பிரான்சின் கற்பாவிய வீதிகளுக்கும் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் செம்மண் பாதைகளுக்கும் ஏற்றதாக அவை அமைந்தன. குழியில் விழுந்தாலும் ஆசனத்தில் இருப்பவருக்கு அடி தெரியாது. வளைவில் திரும்பினாலும் கார் சாயாது. 404 இன் 1618 கன சென்டிமீற்றர் எஞ்சின் ஒரு பக்கமாக 45 பாகை சரித்துப் பொருத்தப்பட்டிருந்தது. அதனால் பொனற் தாழ்ந்து, பாரமும் தாழ்ந்தது. பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்ல, ஏனைய கார்களில் அரிதான திருகுப் பற்சக்கர அமைப்பைப் பயன்படுத்தினார்கள். செய்வதற்குச் செலவு அதிகம். ஆனால் சத்தமில்லாமல் நெடுங்காலம் உழைக்கும். இந்தப் பின் அச்சை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அதனிடம் வருவோம்.

இத்தகைய காரின் பெருமை மேடையிற் பேசி வந்ததல்ல. 1953 இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றிய றீடெக்ஸ் ஓட்டத்தில் கென் டப்மன் என்பவர் 203 ஐ ஓட்டி வென்றார். கிழக்கு ஆபிரிக்க சபாரி ஓட்டத்தில் 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளில் 404 வென்றது. 504 அதே ஓட்டத்தில் 1975 இலும், இருகதவு வடிவில் 1978 இலும் வென்றது. சேறும் புழுதியும் நிறைந்த அந்தப் பாதைகளில் வென்றதும் கடையில் விற்றதும் ஏறத்தாழ ஒரே கார்தான். பின்னர் 1989, 1990 ஆம் ஆண்டுகளின் பாரிஸ் - டக்கார் ஓட்டங்களை வென்ற 405 அப்படிப்பட்டதல்ல; அதற்கும் தெருவில் ஓடிய 405 க்கும் முகச்சாயல் மட்டுமே பொது.

இலங்கைக்கு இக்கார்கள் வந்தபோது, அவற்றின் வயதை இயந்திரம் சொல்லவில்லை, இலக்கத்தகடு சொன்னது. தொடக்கத்தில் பதிவானவற்றில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. ஒரே 403 வகைக் கார்கள், ஓராண்டு இடைவெளியில் இரு வேறு அடையாளங்களோடு வீதியில் ஓடின. அந்த ஓர் எழுத்துக்காக வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி போராடியது. தமிழ் 'ஸ்ரீ'யை எழுதி ஓட்டினார்கள். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் கலவரம் வெடித்தது. ஒரு காரின் தகட்டைப் பார்த்து அதன் வயதைக் கணிக்கும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இந்த வரலாற்றையே வாசிக்கிறார்கள்.

அடுத்து வந்தது இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்தில் தனியார் கார்களின் வரவு சுருங்கிப்போயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, வீதியில் இருந்த கார்கள்தாம் நாட்டின் கார்கள். வயது ஏற ஏற விலை குறைய வேண்டும் என்ற உலக நியதி இங்கே தலைகீழாயிற்று. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைசலில் கடைந்தெடுக்கும் கைகள் உருவாயின. இரத்மலானையில் ரயில்வே வேலைத்தளமும் 1935 முதல் விமானத் தளமும் இருந்தன. இரும்பை அறிந்தவர்கள் அங்கே குறைவில்லை. நான் மேலே சொன்ன கராஜை ஆரம்பித்தவரும் ரயில்வே வேலைத்தளத்தில் தொழில் கற்றவரே. இப்போது நடத்துபவர் அவருடைய மகன்.

என் நண்பர் 1976 இல் ஒரு 404 வாங்கினார். அது புதிதாக இறங்கியபோது விற்ற விலையைவிடக் கூடிய விலை கொடுத்தார். ஏழு ஆண்டுகள் அதை அந்தத் தந்தையிடமே காட்டிவந்தார்.

1983 ஜூலை 25 ஆம் திகதி காலி வீதியில் நடந்ததை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. வாகனங்களை மறித்து, பெற்றோலை உறிஞ்சியெடுத்து, அந்தப் பெற்றோலாலேயே அவற்றையும் வீடுகளையும் கொளுத்தினார்கள். நண்பரின் 404 அவர் வீட்டு வாசலிலேயே எரிந்தது. அவரும் குடும்பமும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் ஏதிலிகளாகப் படுத்திருந்து, பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள்.

நான்கு ஆண்டுகளின் பின் அவர் கொழும்புக்குத் திரும்பிய முதல் வாரத்தில், கராஜின் தந்தை ஓர் உறையோடு வெள்ளவத்தைக்கு வந்தார். எரிந்த காரின் எச்சத்தை மாநகரசபை அள்ளுவதற்கு முன்னரே அவர் வந்து பின் அச்சைக் கழற்றிப் போயிருந்தார். 404 இன் உற்பத்தி பிரான்சில் 1975 இலேயே நின்றுவிட்டதால், அந்தத் திருகுப் பற்சக்கர அச்சுக்குப் பஞ்சிகாவத்தையிலும் கிராக்கி. அதை ஒருவருக்கு விற்று, பணத்தை அப்படியே வைத்திருந்தார். "சேரின் காரில் மிஞ்சியது இதுதான்" என்று சொல்லி உறையைக் கொடுத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம். இந்த நிகழ்ச்சியை என் நண்பர் எனக்குச் சொன்னது இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. "பணத்தை எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "கணக்கு வாத்தியார் அன்றைக்கு எண்ணவில்லை" என்றார்.

1991 இல் அவர் மீண்டும் கார் வாங்கத் துணிந்தபோது நாட்டின் நிலை மாறியிருந்தது. திறந்த பொருளாதாரத்தில் ஜப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. அவை சிக்கனமானவை; உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும்; விற்கப்போனால் நல்ல விலையும் வரும். பிரெஞ்சுக் கார்களைக் கைவிட மக்களுக்கு இவ்வளவும் போதுமாயிற்று. ஐரோப்பாவில் 1969 ஆம் ஆண்டின் சிறந்த கார் என்று பரிசு பெற்ற 504, நான்கு சக்கரத்துக்கும் வட்டத்தட்டுத் தடுப்பும் தனித்தனிப் பின் தொங்கலும் கொண்ட அந்த அரச வாகனம், சாதாரண ஜப்பான் கார் ஒன்றின் விலையில் ஒரு பங்குக்கு விற்கப்பட்டது. பின்னால் வந்த 405 க்கும் 406 க்கும் அதே கதிதான். மற்றவர்கள் அஞ்சியதால் மலிந்த விலை அது. நண்பர் ஒரு 504 ஐ வாங்கி நேரே இரத்மலானைக்கு ஓட்டிச் சென்றார்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய தமையனார் வேறொரு பாடம் படித்துக்கொண்டிருந்தார். 1990 இல் எரிபொருள் தடை வந்தபின், பெற்றோல் துளிக்கணக்கில் விற்கப்பட்டது. ஒஸ்டின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் முதலிய கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலால் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் ஊட்டி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அக்கால எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்ந்திருந்ததால் தரங்குறைந்த எரிபொருளும் அவற்றுக்குச் செரித்தது. தமையனாரின் 403 உம் அந்த வகையே. உயர்ந்த அமுக்கமும் மின்னணு எரிபொருள் ஊட்டலும் கொண்ட புதிய கார்கள் அங்கே கொட்டில்களில் தூங்கின. பின்தங்கியது என்று எள்ளப்பட்ட இயந்திரமே நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

வரலாறு இன்னொரு முறையும் திரும்பியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். 2022 ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா. ஜூலையில் கியூஆர் குறியீட்டுப் பங்கீடு வந்து, கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் என்றானது. பழைய கார்களின் விலை மறுபடி ஏறிற்று. இளைஞர்கள் சிலர் 504 ஐயும் 405 ஐயும் தேடி இரத்மலானைக்கு வரத் தொடங்கினார்கள் என்று கராஜ்காரர் சொன்னார்.

ஆனால் அவர் மகிழ்ச்சியோடு சொல்லவில்லை. அவருக்கு இப்போது அறுபத்தைந்து வயது. மூத்த மகன் கட்டாரில். இளையவன் ஹைபிரிட் கார்களைக் கணினி பொருத்திப் பார்க்கும் நிலையமொன்றில் வேலை செய்கிறான். "அவன் கெட்டிக்காரன், சேர். ஆனால் இந்தக் காருக்குக் கணினி பேசாது. காதை வைத்துக் கேட்க வேண்டும்" என்றார். எஞ்சின் ஓடும்போது வால்வு இடைவெளியை ஒலியால் அறியும் வித்தை, பிரெஞ்சு அளவுத் திருகாணிகளுக்கு மாற்று எது என்ற அறிவு, எந்த லொறியின் ரப்பர் எந்தக் காருக்குப் பொருந்தும் என்ற நினைவு எல்லாம் அவர் தலைக்குள் இருக்கின்றன. அவருடைய தந்தை ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

முதிர்ந்த பிரெஞ்சுக் காரின் கவர்ச்சி எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். மலிவான விலை ஒரு காரணம். ஓட்டத்தின் சுகம் இன்னொரு காரணம். இரண்டும் உண்மையே. ஆனால் புதிய ஜப்பான் காரை யாரும் திருத்தலாம். ஆகவே அதற்கு யாரும் தேவையில்லை. இந்தக் காருக்கு ஒரு குறிப்பிட்ட மனிதர் தேவை. அந்த மனிதரோடு நாற்பது ஆண்டு நம்பிக்கை தேவை. வெள்ளவத்தைக்கும் இரத்மலானைக்கும் இடையிலுள்ள சில கட்டைத் தூரத்தில், இரண்டு இனங்களுக்கு நடுவே எவ்வளவோ எரிந்துபோன பின்னும், அந்த நம்பிக்கை எரியாமல் இருந்திருக்கிறது. என் நண்பர் காரை விற்க மறுப்பது அதை விற்க மறுப்பதுதான்.

அன்று திரும்பும்போது நண்பர் ஒரு கொப்பியை என் மடியில் வைத்தார். கணித ஆசிரியரின் சீரான கையெழுத்து. கராஜ்காரர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல இவர் தமிழில் எழுதிய குறிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் அளவு, மாற்று, எச்சரிக்கை. பதினொரு பக்கம் முடிந்திருந்தது. முதற் பக்கத்தின் தலைப்பு: பின் அச்சு.

"எப்போது முடிப்பீர்கள்?" என்றேன்.

"அவர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஓய்வாக இருப்பார்" என்று சொல்லி, கல்கிசைச் சந்தியில் கியரை மாற்றினார்.