ஷூர்ட்டர், நினோ

ஷூர்ட்டர், நினோ (பிறப்பு 1986): மலைச் சைக்கிள் பந்தயங்களுள் 'கிராஸ் கன்ட்ரி' எனப் பெயர்பெற்ற பிரிவில் ஆடவருக்கான உலகப் பட்டத்தைப் பத்துமுறை வென்ற ஸ்விட்ஸர்லாந்து வீரர். அந்நாட்டின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடர் சூழ்ந்த கிராவ்பூண்டன் மாநிலத்திலுள்ள டெர்ஸ்நாவுஸ் என்னும் சிற்றூரில் 1986 மே 13 அன்று பிறந்தார்.

இவ்விளையாட்டு வயதில் இளையது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதி மலைச்சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் விரைந்திறங்கி விளையாடியதிலிருந்து கிளைத்து, 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வமான உலகப் போட்டியால் அந்தஸ்து பெற்று, 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் அரங்கிலும் இடம்பிடித்தது. அட்லாண்டாவில் வெள்ளி வென்ற ஸ்விஸ் வீரர் தாமஸ் ஃப்ரிஷ்க்னெக்ட்டே பிற்காலத்தில் ஷூர்ட்டரின் அணித்தலைமையை ஏற்று, அவருடைய நீண்ட பந்தய வாழ்வுக்கு வழிகாட்டியாக விளங்கினார். வேர்களும் பாறைகளும் செறிந்த சில கிலோமீட்டர் சுற்றைப் பலமுறை சுற்றி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய இப்பந்தயத்தில், ஏற்றத்தில் இருதயத்தையும் நுரையீரலையும் வருத்தி முந்தியவன், மூச்சு அடங்குமுன்னரே இறக்கத்தில் புத்தியும் கையும் பிசகாமல் வண்டியைச் செலுத்தியாக வேண்டும். இவ்விரண்டில் ஒன்றில் வல்லவர் பலருண்டு. இரண்டிலும் ஒருசேர வல்லவராக இருந்ததே ஷூர்ட்டரின் விசேஷம்.

2004-இல் பிரான்சின் லே ஜே என்னும் மலையூரில் ஜூனியர் உலகப் பட்டமும், 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் இருபத்துமூன்று வயதுக்குட்பட்டோர் பட்டமும் பெற்றார். அதே 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் கிடைத்தது. தங்கம் பிரான்சின் ஜூலியன் அப்ஸலோனுக்குப் போயிற்று. மறு ஆண்டு கான்பெராவில் அந்த அப்ஸலோனையே வென்று, இருபத்துமூன்றாம் வயதில் ஷூர்ட்டர் முதன்முறையாக உலகச் சாம்பியனானார். அது முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்விருவரின் போட்டியே இவ்விளையாட்டின் சரித்திரமாக இருந்தது என்று கூறுவது மிகையாகாது.

சக்கரத்தின் அளவு பற்றி அக்காலத்தில் எழுந்த விவாதத்திலும் அவருக்குப் பங்குண்டு. வழக்கத்திலிருந்த 26 அங்குலச் சக்கரத்தைத் தள்ளி 29 அங்குலம் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், உயரத்தில் நடுத்தரமான ஷூர்ட்டர், இரண்டுக்கும் இடைப்பட்ட 27.5 அங்குலச் சக்கரத்தை ஏற்று, 2012-இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உலகக் கோப்பைத் தொடரின் ஒரு பந்தயத்தை வென்று காட்டினார். அவருடைய வெற்றியே அச்சக்கர அளவுக்கு விளம்பரமாகி வியாபாரிகளுக்குப் பயன்பட்டது. எனினும் காலப்போக்கில் அவரும் 29 அங்குலத்துக்கே மாறிவிட்டார்.

அதே 2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில், ஹாட்லி பண்ணையில் அமைத்த பாதையில், கடைசிச் சுற்றுவரை முன்னணியில் நின்றும், முடிவுக் கோட்டை நெருங்கும் தறுவாயில் செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹவி முந்திவிட, ஒரே ஒரு விநாடியில் தங்கத்தை இழந்தார். இதற்கு விடை கிடைக்க நான்காண்டுகள் ஆயின. 2016-இல் ரியோவில் அதே குல்ஹவியை ஐம்பது விநாடி பின்தள்ளித் தங்கம் வென்றபோது, வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று ஒலிம்பிக்கிலும் படிப்படியாக உயர்ந்தவரென்ற அபூர்வமான கணக்கும் அவருக்கு அமைந்தது. இடையில் 2014-இல் நார்வேயில் நடந்த உலகப் போட்டியில் அப்ஸலோனிடம் தோற்றதும் உண்டு.

2015 முதல் 2019 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் அவருடையதே. அவற்றுள் 2017 ஈடிணையற்றது: அப்பருவத்தின் உலகக் கோப்பைப் பந்தயங்கள் ஆறையும் வென்றதோடு உலகப் பட்டத்தையும் கைக்கொண்டார், அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக் என்னும் எட்டுநாள் இணையர் பந்தயத்திலும் மத்தியாஸ் ஸ்டிர்னெமனுடன் சேர்ந்து முதலிடம் பெற்றார். 2018-இல் சொந்த மாநிலமான கிராவ்பூண்டனின் லென்சர்ஹைடவில், தம் மக்கள் திரண்டு பார்த்திருக்க வென்ற பட்டமும் இவ்வரிசையில் சேரும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடமே கிடைத்ததும், இனி அஸ்தமனம்தான் என்று பலர் அபிப்பிராயம் கூறலாயினர். அடுத்த மாதமே இத்தாலியின் வால் டி சோலேயில், டோக்கியோவில் வெள்ளி வென்ற தம் நாட்டவரான மத்தியாஸ் ஃப்ளூக்கிகரைக் கடைசிச் சுற்றில் வீழ்த்தி ஒன்பதாம் பட்டமும், 2022-இல், ஜூனியராக வென்ற அதே லே ஜேயில் பத்தாம் பட்டமும் பெற்றார். 2023-இல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் முப்பத்துநான்காம் வெற்றி கண்டு அப்ஸலோனின் முப்பத்துமூன்றைத் தாண்டினார். அக்கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை ஒன்பது பருவங்களில் வென்றுள்ளார். 2025-ஆம் ஆண்டுப் பருவத்துடன் ஓய்வு பெற்றார்.

ஒலிம்பிக் தங்கத்தையே அளவுகோலாகக் கொண்டால், இரண்டு பெற்ற அப்ஸலோன் ஒரு படி மேலானவர். உலகப் பட்டங்களையும், உலகக் கோப்பை வெற்றிகளையும், இருபது ஆண்டுகளை நெருங்கிய முன்னணி வாழ்வையும் சேர்த்து எண்ணுவோர், ஆடவர் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஷூர்ட்டருக்கே முதலிடம் தருவர்.