பாறைக் கரைத் தூண்டில் காலணியின் ஆணிகள்: ஒரு வரலாறு

ஆணிக் காலணி என்பது வழுக்கும் தரையில் பிடிப்புக் கிடைப்பதற்காக அடிப்பகுதியில் உலோக ஆணிகள் பதிக்கப்பட்ட காலணி ஆகும். கடலோரப் பாறைகளில் நின்று தூண்டில் போடுவோரும் ஆற்றில் இறங்கி மீன் பிடிப்போரும் அணியும் பூட்ஸ்களில் இவ்வாணிகள் ஸ்டட் எனப்படுகின்றன. இன்றைய ஸ்டட் ஒரு சிறு திருகாணியே. ஆனால் அதன் பின்னணியில் உரோமானியப் படைவீரர்கள், மரம் வெட்டுவோர், மலையேறிகள், ஆற்றுத் தூண்டில்காரர்கள் எனப் பலரின் ஈராயிரம் ஆண்டு அனுபவம் உள்ளது. ஒவ்வொரு வகைக் காலணி அடியும் ஒரு வகைத் தரைக்காக உருவானது. வேறு தரையில் அதுவே ஆபத்தானது. எல்லாப் பாறைக்கும் பொருந்தும் ஒரே ஆணி இல்லை என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை.

பாறை வழுக்குவது ஏன்

கடலோரப் பாறையில் கால் வழுக்குவதற்குக் கல் மட்டும் காரணமன்று. அலை ஏறி இறங்கும் பகுதியில் பச்சைப் பாசியும் பழுப்புப் பாசியும் படர்கின்றன. அதற்கு மேலே, அலைத் தெறிப்பு மட்டும் படும் பகுதியில் நீலப்பச்சைப் பாசியும் கரும் லைக்கன்களும் மெல்லிய கரும்படலமாகப் படிகின்றன. காய்ந்திருக்கும்போது இப்படலம் வெறும் கறை போலத் தோன்றும். நனைந்தால் எண்ணெய் தடவியது போலாகிவிடும். மாறாக, கொட்டலசுகள் ஒட்டியிருக்கும் பாறை சொரசொரப்பாக இருப்பதால் காலுக்குப் பிடி தரும்.

ரப்பர் அடி கல்லை நேரடியாகத் தொட்டால்தான் பற்றும். பாசியின் வழவழப்பு இடையில் வந்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆணியின் வேலை இப்படலத்தைத் துளைத்துக் கல்லை எட்டுவது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 200 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு காலில் நின்றால், ஒரு சதுர செ.மீ. மீது விழும் எடை சுமார் 350 கிராம் மட்டுமே. அதே எடையை 2.5 மி.மீ. விட்டமுள்ள பத்து ஆணி முனைகள் தாங்கினால், ஒரு சதுர செ.மீ. மீது சுமார் 140 கிலோ அழுத்தம் விழும். ஏறத்தாழ 400 மடங்கு கூடும் இந்த அழுத்தமே பாசியைக் கிழிக்கிறது.

உரோமானியக் காலணி

உரோமானியப் படைவீரர்கள் அணிந்த கலிகா என்னும் தோல் காலணியின் அடியில் இரும்புக் குமிழ் ஆணிகள் நெருக்கமாக அடிக்கப்பட்டிருந்தன. நெடுந்தூர நடையில் தோல் தேயாமல் காப்பதும், மண்ணிலும் புல்லிலும் பிடிப்புத் தருவதும் அவற்றின் பயன். உழைப்பு மாட்டின் குளம்பில் லாடம் அடிப்பதன் நோக்கமும் ஏறத்தாழ இதுவே. பிற்காலப் படைவீரர்களின் பூட்ஸ் குதிகாலில் பதித்த இரும்புத் தகட்டையும் தமிழில் லாடம் என்றே அழைத்தனர்.

ஆணியின் குறையும் அதே காலத்தில் பதிவாகியுள்ளது. கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது யூலியானுஸ் என்னும் உரோமானிய நூற்றுவர் தலைவர் தனியாக எதிரிகளைத் துரத்திச் சென்றார். கோயில் வளாகத்தின் வழவழப்பான கல் தளத்தில் அவருடைய ஆணிக் காலணி வழுக்கியது. கீழே விழுந்த அவர் சூழ்ந்துகொள்ளப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார். மண் சாலையில் உதவிய ஆணி, சுத்தமான கடினக் கல்லில் சறுக்குக் கட்டையாக மாறியது. இன்றும் பாசியற்ற வழவழப்பான கருங்கல்லில் ஆணிக் காலணி இவ்வாறே நடந்துகொள்கிறது.

மரம் வெட்டுவோரும் மலையேறிகளும்

வட அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுசெல்லும் தொழிலாளர்கள், உருளும் நனைந்த மரங்களின் மேல் நடக்கக் கூர் ஆணி பதித்த பூட்ஸ்களை அணிந்தனர். பேச்சு வழக்கில் இவை கார்க் பூட்ஸ் எனப்பட்டன. ஜப்பானில் காட்டு வேலை செய்வோர், பெருவிரல் பிரிந்த ஜிக்கா-தபி காலணியில் ஆணி பதித்த வகையைப் பயன்படுத்துகின்றனர். இரு நாடுகளிலும் மரத்தொழிலின் ஆணிகள் பின்னர் மீன்பிடிப்புக்கும் வந்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தோன்றிய கார்க்கர்ஸ் நிறுவனம், எந்தப் பூட்ஸின் மேலும் வாரால் கட்டிக்கொள்ளக்கூடிய ஆணிச் செருப்புகளால் பாறைக் கரைத் தூண்டில்காரர்களிடையே பெயர் பெற்றது.

ஆல்ப்ஸ் மலையேறிகள் நெடுங்காலம் ஆணி அடித்த தோல் பூட்ஸ்களையே நம்பினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவைச் சேர்ந்த நகைத் தொழிலாளியும் மலையேறியுமான ஃபெலிக்ஸ் ஜெனகான், கடின எஃகுப் பற்கள் கொண்ட ஆணியை உருவாக்கினார். அவருடைய பட்டப்பெயரான டிரிகூனி என்பதே ஆணிக்கும் பெயராயிற்று. இது குமிழ் ஆணி போல விரைவில் மழுங்காமல், பாறை விளிம்புகளில் பற்றிக்கொண்டது.

1935-இல் ஆல்ப்ஸின் புன்டா ராசிகா சிகரத்தில் பனிப்புயலில் சிக்கி இத்தாலிய மலையேறிகள் அறுவர் இறந்தனர். அக்கால மலையேறிகள் அடிவாரம் வரை ஆணிப் பூட்ஸில் நடந்து, செங்குத்துப் பாறையில் ஏறும்போது மெல்லிய காலணிக்கு மாறுவது வழக்கம். குளிருக்கும் பனிக்கும் அம்மெல்லிய காலணி தாங்கவில்லை. நண்பர்களை இழந்த விட்டாலே பிரமானி, இரண்டு வேலைகளையும் செய்யும் ஒரே காலணி அடியைத் தேடினார். பிரெல்லி டயர் நிறுவனத்தின் துணையுடன் 1937-இல் ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடியை வெளியிட்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது விப்ரம் ஆயிற்று. 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலில் அடைந்த இத்தாலியக் குழு இந்த அடியையே பயன்படுத்தியது.

காய்ந்த பாறையில் ரப்பர் வென்றது. ஆனால் நனைந்து பாசி படிந்த பாறையில் ஆணிக்கு நிகராக அது பற்றவில்லை. பிரிட்டனின் ஈரமான குன்றுகளில் ஏறிய பலர் பல ஆண்டுகள் ஆணிப் பூட்ஸைக் கைவிடாததற்கு இதுவே காரணம். மலையில் ஓரளவு சமாளிக்கக்கூடிய இக்குறை, எப்போதும் நனைந்தே இருக்கும் கடலோரப் பாறையில் உயிர்ப் பிரச்சினையாகும்.

தூண்டில்காரர்களின் காலணி

1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் நீர் புகாத ரப்பர் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின் நீர் புகாத கால்சட்டை அணிந்து ஆற்றில் இறங்கும் பழக்கம் பிரிட்டனில் வளர்ந்தது. அதன் மேல் குமிழ் ஆணி அடித்த கனத்த தோல் காலணி அணியப்பட்டது.

கடற்கரையில் செல்வர்கள் வேறு வழி கண்டனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் உள்ள கட்டிஹங்க் தீவில் 1864-இல் ஒரு தூண்டில் கழகம் அமைந்தது. கரையோரப் பாறைகளில் இரும்புக் கம்பிகளை நட்டு, அவற்றின் மேல் பலகை பரப்பி, கடலுக்குள் நீளும் நடைமேடைகளை அக்கழகம் கட்டியது. உறுப்பினர்கள் கால் நனையாமல் அங்கிருந்து ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனைப் பிடித்தனர். மேடை கட்டும் வசதியற்ற தூண்டில்காரர் பாறையிலேயே நிற்க வேண்டியிருந்தது. அதே மீனைத் தேடி நியூயார்க் மாநிலத்தின் மொன்டாக் முனைக்கு இன்று வருவோர், பனியாறு விட்டுச்சென்ற பெரும் உருண்டைப் பாறைகளின் மேல், பலவேளை இரவில், நிற்கின்றனர். அப்பாறைகளைப் பாசியும் மட்டிகளும் மூடியிருப்பதால் அங்கே ஆணி இன்றியமையாதது.

ஜப்பானில் பாறைக் கரைத் தூண்டில் இசோசுரி எனப்படுகிறது. படகுகள் தூண்டில்காரர்களைக் கடலில் தனித்து நிற்கும் பாறைகளில் இறக்கிவிட்டுப் பின்னர் வந்து அழைத்துச் செல்லும். ஓடி ஒதுங்க இடமில்லாத இச்சூழலில் காலணியின் அடி தனிக் கலையாகவே வளர்ந்தது. பாசி மூடிய கரடுமுரடான பாறைக்கு ஆணி அடி. வழவழப்பான பாறைக்கு ஃபெல்ட் எனப்படும் அழுத்திய இழை அடி. இரண்டும் கலந்த இடத்துக்கு ஃபெல்ட்டுக்குள் ஆணி பதித்த அடி என்று அங்குள்ள கடைகளில் வகை பிரித்தே விற்கின்றனர்.

ஃபெல்ட் தடையும் ஆணியின் மீட்சியும்

நனைந்த வழவழப்பான கல்லில் ஃபெல்ட் நன்றாகப் பற்றும். எனவே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றுத் தூண்டில்காரர்கள் பெரிதும் அதையே விரும்பினர். ஆனால் அதன் இழைகள் எளிதில் காயாமல் நுண்ணுயிர்களைச் சுமக்கும். 2004-இல் நியூசிலாந்தின் தென் தீவில் டிடிமோ என்னும் அயல் பாசி ஆறுகளில் கண்டறியப்பட்டது. ஓர் ஆற்றின் பாசியை இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுசெல்லக்கூடும் என்ற அச்சத்தால் 2008-இல் அந்நாட்டில் தூண்டில்காரர்கள் ஃபெல்ட் அடி அணிவது தடைசெய்யப்பட்டது. 2011-இல் அமெரிக்காவின் மேரிலாந்து, வெர்மான்ட் மாநிலங்களும் தடை விதித்தன. வெர்மான்ட் 2016-இல் அதை விலக்கிக்கொண்டது.

ஃபெல்ட்டை இழந்தோர் ரப்பர் அடிக்கு மாறினர். ரப்பரின் குறையை ஈடுசெய்ய மீண்டும் ஆணியை நாடினர். திருகிப் பொருத்தும் ஸ்டட்கள் பெருகியதற்கு இத்தடைகள் ஒரு முக்கியக் காரணம்.

ஆணியைத் தேர்ந்தெடுத்தல்

இன்றைய ஆணிகளில் இரு எதிரெதிர்க் கொள்கைகள் உள்ளன. முதலாவது, பாறையைவிடக் கடினமான ஆணி. 1920-களில் ஜெர்மனியில் வெட்டுக் கருவிகளுக்காக உருவான டங்ஸ்டன் கார்பைடு, மோஸ் கடினத்தன்மை அளவில் சுமார் 9 ஆகும். குவார்ட்ஸ் 7, சுண்ணாம்புக் கல்லின் கால்சைட் 3. எனவே கார்பைடு முனை பாசியைத் துளைத்துப் பாறையையும் கீறிப் பற்றும், மெதுவாகவே தேயும். பாசி, கொட்டலசு, மணற்கல் ஆகியவற்றுக்கு இது ஏற்றது.

இரண்டாவது, பாறையைவிட மென்மையான ஆணி. அலுமினியத்தின் கடினத்தன்மை 3-க்கும் குறைவு. இங்கே ஆணி கல்லைக் கடிப்பதில்லை. கல்லின் கூர்மணிகள் ஆணியைக் கடிக்கின்றன. கார்பைடு சறுக்கும் கடினப் பாறையில் அகன்ற அலுமினியத் தகடு பற்றக்கூடும். ஆனால் அது விரைவில் தேய்ந்துவிடும்.

பொருத்தும் முறை

ஆணியின் நீளம் காலணி அடியின் தடிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையேல் முனை பாதத்தைக் குத்தும். ரப்பரின் மெல்லிய பள்ளங்களில் அல்லாமல் தடித்த மேடுகளிலேயே திருக வேண்டும். உற்பத்தியாளர் குறித்த புள்ளிகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துவது நல்லது. எடை அதிகம் விழும் முன்பாதத்தின் ஓரங்களிலும், பெருவிரலின் கீழும், குதிகால் விளிம்பிலும் ஆணிகள் அமைய வேண்டும். ஒரு காலணிக்குப் பத்து முதல் பதினைந்து வரை பொதுவாகப் போதும். ஆணிகள் மிகுந்தால் ரப்பர் தரையைத் தொடாது. சுத்தமான பாறையில் ரப்பர் தரும் பிடி இழக்கப்படும்.

திருகுக் கருவியை மெதுவான வேகத்தில் இயக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் கிழிந்து ஆணி கழன்றுவிடும். நீர் தாங்கும் பசை சிறிது தடவினால் பிடிப்புக் கூடும். முதல் பயணத்துக்குப் பின் எல்லா ஆணிகளையும் சரிபார்ப்பது அவசியம். அலுமினியமும் எஃகும் கடல்நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பினால் அலுமினியம் கெடும். கார்பைடு முனை கெடாவிட்டாலும் அதைத் தாங்கும் எஃகு துருப்பிடிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

ஆணியின் எல்லை

ஆணி வழுக்கலைத் தடுக்கும், அலையைத் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாறைத் தூண்டில்காரர்கள் பலர் திடீரென எழும் அலையால் அடித்துச் செல்லப்பட்டு இறந்துள்ளனர். அங்கு 2016-இல் இயற்றப்பட்ட சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பாறைத் தூண்டிலுக்கு உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்கியது. நல்ல பிடிப்புள்ள காலணி தரும் துணிச்சலால் தூண்டில்காரர் இன்னும் ஓரடி முன்னே, அலைக்கு நெருக்கமாக நிற்கக்கூடும் என்பதே அதன் மறைமுக ஆபத்து. ஆகவே கடலின் நிலையைச் சற்று நேரம் கவனித்து, திரும்பும் வழியைப் பார்த்து வைத்து, உயிர்காப்பு அங்கி அணிந்த பின்னரே காலணியின் பயன் தொடங்குகிறது.