காவிரி வடிநில ஊர்களின் நில அளவைப் பதிவேடுகளும் இடப்பெயர்களும்

இடப்பெயர் என்பது ஊரின் பெயர் மட்டுமன்று. காவிரி வடிநிலப் பகுதியில் ஊருக்குள் இருக்கும் வாய்க்கால், குளம், திடல், படுகை, வயல் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றுள் எவை எழுத்தில் நிலைத்தன, எவை பேச்சோடு நின்றுவிட்டன என்பதைப் பெரும்பாலும் நில அளவைதான் முடிவு செய்தது.

ஊர்ப்பெயர்களின் ஈறுகள்

திருவாரூர் மாவட்டத்தில் கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களைப் பார்ப்போம். மன்னார்குடி, லெட்சுமாங்குடி, பொதக்குடி ஆகியவை 'குடி' என முடிகின்றன. குடி என்றால் குடியிருப்பு. நீடாமங்கலம், வடபாதிமங்கலம் ஆகியவை 'மங்கலம்' என முடிகின்றன. சோழர் காலத்தில் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊர்கள் பலவற்றுக்கு இந்த ஈறு இருந்தது. கொரடாச்சேரியில் உள்ள 'சேரி' மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறிக்கும்.

சோழர் கால அளவை

முதலாம் இராசராசன் 1001-ஆம் ஆண்டளவில் நிலங்களை அளக்கச் செய்தான். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-இல் மீண்டும் அளவை நடந்தது. இங்கிலாந்தின் 'டூம்ஸ்டே' பதிவேடு உருவானதும் அதே ஆண்டில்தான். நிலம் வேலி, மா, காணி, முந்திரி என்று பகுத்துக் கணக்கிடப்பட்டது. 1 வேலிக்கு 20 மா. 1 மாவுக்கு 4 காணி.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீக்கப்பட்ட இடங்களையும் குறிக்கின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்பனவும் அவற்றில் வருகின்றன. ஆகவே வரிக் கணக்குக்காக எழுதிய இக்கல்வெட்டுகள், அன்றைய ஊரில் யார் எங்கே ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்பதற்கும் சான்றாகின்றன.

நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதைச் சொல்வது ஆனைமங்கலச் செப்பேடு. 21 ஏடுகள் கொண்ட இது லெய்டன் செப்பேடு என்றும் அழைக்கப்படும். பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்த முறையை இதில் காணலாம்.

ஆங்கிலேயர் கால அளவை

சமவெளியான தஞ்சைப் பகுதியில் குன்றுகள் இல்லை. எனவே வில்லியம் லாம்டன் கோயில் கோபுரங்களின் மேல் கருவியை வைத்து அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட் மோதிச் சேதமடைந்தது. அதை அவரே செப்பனிட்டார். ஸ்காட்லாந்தில் பிறந்த காலின் மெக்கன்சி, நில அளவையோடு ஊர் வரலாறுகளையும் தமிழ் முதலிய மொழிகளில் திரட்டினார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர் இவர்.

அவர் பிறந்த ஸ்காட்லாந்தில், 19-ஆம் நூற்றாண்டு அளவையாளர்கள் பண்ணை, ஓடை, குன்று ஆகியவற்றின் பெயர்களுக்கென்றே தனி ஏடுகள் வைத்திருந்தனர். பெயரின் வெவ்வேறு எழுத்து வடிவங்களும், அதை உறுதிசெய்த உள்ளூர்க்காரர்களின் பெயர்களும் அவற்றில் உள்ளன. இங்கோ வருவாய்த் துறையின் நோக்கம் வரி. வயலை அடையாளம் காணப் புல எண் போதுமானதாயிற்று. இன்றும் சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு ஆகியவற்றில் எண்ணே முதன்மை.

இன்றைய நிலை

2020 ஜூன் மாதம் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணை வெளியாகி, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணை ஊர்ப்பெயர்களைப் பற்றியது. வயலுக்கும் வாய்க்காலுக்கும் உள்ள பெயர்கள் உழவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. நிலம் மனையாகும்போது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையும் போய்விடுகிறது.

மாணவர்கள் இப்பெயர்களைத் தொகுக்கலாம். பேச்சில் ஒலிக்கும்படியே பெயரை எழுதுக. அதனருகே புல எண், வேறு பெயர்கள், சொன்னவரின் வயது, அவர் கூறும் காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. இழிவுப் பொருள் கொண்ட பெயர்களை மறைக்காமல், அவை எப்படி வந்தன என்பதோடு பதிவு செய்க. ஊர் வரைபடத்தின் நகலும் ஒரு குறிப்பேடும் இதற்குப் போதும்.