காந்த நனோ வெப்பச் சிகிச்சை

இரும்பு ஒட்சைட்டு நனோ துணிக்கைகளைக் கட்டிக்குள் செலுத்தி, உடலுக்கு வெளியேயிருந்து ஆடற் காந்தப்புலத்தால் சூடேற்றிப் புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் முறை. புலம் செக்கனுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை முன்னும் பின்னும் புரளும். துணிக்கையின் காந்தத்திசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பிந்தும். பிந்துவதில் இழக்கும் சக்தியே வெப்பம். 41 முதல் 46 பாகை செல்சியஸ் வரை சூடேறினால் கலத்தின் புரதங்கள் உருக்குலையும், கதிர்ச் சிகிச்சையும் கூடுதலாகப் பலிக்கும். நிலைக்காந்தம் இப்படிச் சூடாக்காது. ஆகவே கடைகளில் விற்கும் காந்தக் காப்புக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1957 இல் கில்கிறிஸ்ட் குழுவினர் நாய்களின் நிணநீர்க் கணுக்களை இவ்வாறு சூடாக்கிக் காட்டினர். மனிதருக்கான சிகிச்சையாக இதை வளர்த்தவர்கள் பேர்லினைச் சேர்ந்த அந்திரேயாஸ் யோர்டான் குழுவினர். மூளைக்கட்டிக்கு 2010 இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி திரும்ப வந்த நோயாளர் 59 பேருக்குக் கதிர்ச் சிகிச்சையுடன் சேர்த்துச் செய்தபோது, நோய் திரும்பியது தெரிந்த நாளிலிருந்து இடைநிலை ஆயுள் 13.4 மாதங்கள் என்று 2011 இல் வெளியிட்டனர். ஒப்பிடுவதற்கு வேறொரு குழு அதில் இல்லை. இந்தக் குறையை மறைத்து நோயாளருக்கு நம்பிக்கை ஊட்டுவது கொடுமை. நோயாளர் பட்ட சிரமமும் பெரிது: புலத்தில் சூடாகும் என்பதால் உலோகப் பல் அடைப்புகளைக் கழற்ற வேண்டியிருந்தது, மூளையில் தங்கிய இரும்பு பின்னைய எம்.ஆர்.ஐ. படங்களைக் கெடுத்தது. 2022 இல் இச்சிகிச்சையை வழங்கிய நிறுவனம் வங்குரோத்தானது.

நமக்கு அருகில் இதை ஆராய்வது கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். உலோக வெப்பமானி புலத்தில் தானே சூடேறிப் பொய் சொல்லும். எனவே அந்த மையத்தின் ஜோன் பிலிப் குழுவினர் காந்தத் திரவத்தின் வெப்பத்தை அகச்சிவப்புக் கமராவால் தொடாமலே அளந்து 2016 இல் வெளியிட்டனர். எவ்வளவு சூடு என்று சரியாகத் தெரியாமல் ஒருவரின் மூளையைச் சூடாக்க முடியாது என்பதால், இந்த அளவீடு எனக்குப் பெரிய வேலையாகவே படுகிறது.

யாழ்ப்பாணத்தின் சாட்டி, வேலணைப் பக்கத்து நோயாளர் பண்ணைத் தாம்போதியைக் கடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறார்கள். அவர்கள் அறிய வேண்டியது: வழக்கமான சிகிச்சைக்கு இது மாற்றல்ல, பேர்லினில்கூடத் துணையாகவே கொடுத்தார்கள். துணிக்கைகளைக் கட்டி முழுவதும் சமமாகப் பரப்புவதுதான் இன்னும் தீராத சிக்கல். குருதியோட்டம் வெப்பத்தை அள்ளிச் செல்ல, துணிக்கை சேராத ஓரத்துக் கலங்கள் தப்பிவிடுகின்றன.

வெப்பமே இல்லாத வழியும் உண்டு. 2010 இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தினர், பொன் பூசிய இரும்பு–நிக்கல் வட்டுகளைப் புற்றுநோய்க் கலங்களில் ஒட்டி, செக்கனுக்குச் சில பத்துத் தடவை மட்டும் மாறும் மெல்லிய புலத்தில் ஆட்டினர். பத்தே நிமிடத்தில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் மடிந்தன.